கோரையும் கூலியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

நெல்லைச் சீமையின் பெருமைகளை வரிசைப்படுத்தும்போது அல்வாவுக்கு அடுத்தபடியாக எவரும் சொல்லுவது பத்தமடைப் பாய். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் பத்தமடை. அவ்வூர்ப் பாயைக் கைக்குட்டைபோல் மடிக்கலாம் என்பர். பட்டுப்போல் வழுக்கும் என்பர். இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்து 1953இல் முடிசூடியபோது எங்கள் ஊர்ப் பாய் ஒன்று பரிசாகச் சென்றது என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லுவார்கள். அந்தப் பாயை நெய்தவர் யார், அதற்கு அவர் பெற்ற கூலி என்ன என்று கேட்டால் மட்டும் விடை சொல்லுவார் இல்லை.

நான் பாய் நெய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். தறியைப் பற்றி உம்மாவிடம் கேட்டறிந்ததையும், கோரையைப் பற்றி வகுப்பறையில் கற்றதையும் சேர்த்து, இந்தக் கைத்தொழில் எவ்வாறு நடக்கிறது, அது ஒரு சிறு வாணிபமாக நிலைக்க என்ன வேண்டும் என்பவற்றை நம் கல்லூரி மலரின் வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோரை என்னும் செடி

கோரையைப் பலரும் புல் என்றே எண்ணுகின்றனர். புல்லும் நெல்லும் மூங்கிலும் ‘போயேசி’ குடும்பத்தைச் சேர்ந்தவை. கோரையோ ‘சைப்பரேசி’ என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பாய்க்குப் பயன்படும் கோரையைத் தாவரவியலார் ‘சைப்பரஸ் பங்கோரி’ என வழங்குவர். இரண்டையும் வேறுபடுத்தி அறிய நுண்ணோக்கி தேவையில்லை. கை ஒன்றே போதும். புல்லின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் உருளும், கணுக்கள் தட்டுப்படும். கோரைத் தண்டு முக்கோண வடிவினது. உருட்டும்போது மூன்று விளிம்புகளும் விரலில் உறுத்தும். அடியிலிருந்து பூங்கொத்து வரையில் அதில் ஒரு கணுவும் இராது.

கணு இல்லாமை என்பது சிறிய செய்தியன்று. கணு இருந்தால் கீறும்போது அங்கே கத்தி தடைப்படும், நார் அறுந்துபோகும். கணு இல்லாத காரணத்தால்தான் ஒரு கோரையை அடிமுதல் நுனிவரை ஒரே சீராகக் கீற முடிகிறது. தண்டின் நடுவே இருப்பது காற்றறைகள் நிறைந்த பஞ்சுபோன்ற சோறு. நீர் தேங்கிய மண்ணில் நிற்கும் செடிக்கு மூச்சுவிட உதவுவது அதுவே. பாய்க்கு அது வேண்டாத பொருள். அதைச் சுரண்டி நீக்கிவிட்டு, வலுவான மேல்தோலை மட்டுமே நெசவுக்குக் கொள்ளுவர்.

தாமிரபரணியின் கரையோரங்களிலும் வாய்க்கால் பாயும் ஈரநிலங்களிலும் கோரை வளரும். கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரிக் கரையை ஒட்டி இதைப் பயிராகவே செய்கின்றனர். ஒருமுறை நட்டால் தரைகீழ்த் தண்டிலிருந்து மீண்டும் மீண்டும் தழைத்து வரும் இயல்புடையது.

தறி ஏறுமுன்

பாய் என்றவுடன் தறியைத்தான் நினைக்கிறோம். உண்மையில் வேலையின் பெரும்பகுதி தறிக்கு வெளியே நடக்கிறது.

பச்சையாக அறுத்துவந்த கோரையைத் தரம்பிரித்து, கீறி, சோற்றை நீக்கி, வெயிலில் காயவிடவேண்டும். பச்சை நிறம் மெல்ல மறைந்து பொன்மஞ்சள் தோன்றும். பிறகு அதைக் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் சில நாள் ஊறப்போடுவர். ஊறிய கோரை பருத்து மென்மையடையும். இதன் காரணத்தைத் தாவரவியல் விளக்குகிறது. நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பெக்டின் போன்ற பசைப்பொருள்களை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் ஓரளவு சிதைக்கின்றன. அதனால் நார் இளகுகிறது. ஓடும் நீரானால் சிதைந்த கழிவை அடித்துச் சென்றுவிடும். தேங்கிய நீரானால் அதே கழிவு கோரையிலேயே தங்கிக் கறையும் நாற்றமும் உண்டாக்கும். ‘ஆத்துத் தண்ணி ஓடணும், அப்பத்தான் கோரை வெளுக்கும்’ என்று உம்மா சொல்லுவதற்கும் பாடநூல் சொல்லுவதற்கும் வேறுபாடு இல்லை. ஆற்றைக் காப்பது எங்களுக்கு வெறும் மேடைப்பேச்சு அன்று என்பது இதனால் விளங்கும். ஆற்றில் சாக்கடை கலந்தால் முதலில் கறைபடுவது எங்கள் கோரைதான்.

ஊறிய கோரையை மறுபடி காயவைத்து மேலும் மெல்லியதாகக் கீறுவர். பாயின் நயம் இந்தக் கீறலில்தான் இருக்கிறது. நடுத்தரப் பாய்க்கு ஐம்பது எண்ணிக்கை என்றால், உயர்ந்த பட்டுப் பாய்க்கு நூறு முதல் நூற்று நாற்பது வரை செல்லும். எண்ணிக்கை கூடக்கூட இழை மெலியும். இழை மெலிய மெலிய நாள் கூடும். கண்ணுக்கு வேலையும் கூடும்.

அடுத்தது சாயம். பழங்காலத்தில் சிவப்புக்குச் சப்பங்க மரக்கட்டையைக் கொதிக்கவைத்தனர். அக்கட்டையில் உள்ள ‘பிரேசிலின்’ என்னும் பொருள் காற்றுப்பட்டு ஆக்சிசனேற்றம் அடையும்போது செந்நிறமாகிறது. படிகாரம் போன்ற உலோக உப்பு அந்த நிறத்தை நாரோடு பிணைத்து நிறுத்தும். இன்று பெரும்பாலும் கடையில் வாங்கும் இரசாயனச் சாயங்களே பயன்படுகின்றன. வேலை எளிது, நிறங்களும் பல. ஆனால் அடுப்பின் ஆவியில் நின்று கிளறுவதும், சாயநீரில் கை நனைவதும் பெண்களே. கையுறை ஒன்று வாங்கினால் இருநூறு ரூபாய்க்குள் முடியும் காரியம் என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன்.

தறியில்

பாய்த்தறி மிக எளிய அமைப்புடையது. தரையிலிருந்து சிறிதே உயர்த்திக் கட்டிய இரண்டு மூங்கில்களுக்கிடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டுவர். உயர்ந்த பாய்க்குப் பட்டுநூலும் பாவாவது உண்டு. கோரையே ஊடை. நீண்ட ஊசிபோன்ற குச்சியின் நுனியில் கோரை இழையைக் கோத்துப் பாவின் ஊடே ஒருவர் செலுத்துவார். மற்றவர் துளையிட்ட அச்சுப்பலகையை முன்னிழுத்து இழையை நெருக்குவார். நெய்யுந்தோறும் நெய்த பகுதியின்மேலேயே நகர்ந்து அமர்ந்து வேலை செய்யவேண்டும். முதுகும் முழங்காலும் வளைந்தபடியே இருக்கும். மின்சாரம் தேவையில்லை; பெரிய முதல் தேவையில்லை; இரண்டு பேருடைய உடம்புதான் இதற்கு மூலதனம்.

நெசவு முடிந்தபின் ஓரங்களைச் சீராக வெட்டி, முனை நூல்களை முடிந்து, துணியால் ஓரம் தைத்து, பாயைத் தேய்த்து மெருகிடுவர். திருமணப் பாயாக இருந்தால் மணமக்கள் பெயரும் திருமண நாளும் அதிலேயே நெசவில் வரும். நெல்லைப் பகுதித் திருமணங்களில் சாதி சமய வேறுபாடின்றி இப்பாய்க்கு இடம் உண்டு. முசுலிம் பெண்கள் நெய்த பாயில் இந்துத் திருமணம் நடப்பதை எங்கள் ஊரில் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

கணக்கு நோட்டு

இனி, கலைப்பொருள் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வீட்டில் ஒரு கணக்கு நோட்டுப் போட்டேன். அதுவரை ‘பாய்க்கு என்ன கிடைத்தது’ என்ற கேள்வி ஒன்றே எங்கள் வீட்டில் இருந்தது. ‘பாய்க்கு என்ன செலவாயிற்று, எத்தனை நாள் ஆயிற்று’ என்ற இரண்டு கேள்விகளை நோட்டில் சேர்த்தேன். நடுத்தரப் பாய் ஒன்றின் கணக்கு இவ்வாறு வந்தது.

கோரை 180 ரூபாய். பாவு நூல் 90 ரூபாய். சாயமும் விறகும் 60 ரூபாய். ஓரத்துணியும் தையலும் 40 ரூபாய். ஆக, பொருட்செலவு 370 ரூபாய். கீறுதல், சாயமிடுதல், நெய்தல், மெருகிடுதல் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஏழு நாள் வேலை. வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிச் சென்ற வியாபாரி தந்தது 1,400 ரூபாய். பொருட்செலவு போக மிச்சம் 1,030. ஏழு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 147 ரூபாய்.

2025–26ஆம் ஆண்டுக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். பெயர்பெற்ற கைவினைஞர் என்று பாராட்டப்படுகிறவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இந்த எண்ணை நான் வாசித்தபோது உம்மா வியப்படையவில்லை. ‘அது தெரிஞ்சதுதானே! எழுதி வச்சா கூடிருமா?’ என்று மட்டும் கேட்டார்கள்.

எழுதி வைத்தால் கூடாது. ஆனால் எழுதி வைக்காமலும் கூடாது. பாய்க்கு நியாயமான விலை என்ன என்பதை அறிய வேறு வழி ஏது? ஏழு நாளுக்கு 336 வீதம் கூலி 2,352 ரூபாய். பொருட்செலவு 370ஐச் சேர்த்தால் 2,722. வீணாகும் கோரை, தறி பழுது, மழைநாள் நட்டம் ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய்.

இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நகரத்துக் கடை ஒன்றில் அதே தரப் பாய் 3,200 ரூபாய்க்கு விற்பதை நானே கண்டேன். அப்படியானால் வாங்குவோர் ஏற்கனவே அந்த விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது தறிவரை வந்து சேருவதில்லை, அவ்வளவே.

இதற்காக வியாபாரியைத் திட்டித் தீர்ப்பது நியாயமன்று. கடைக்கு வாடகை உண்டு. ஆள் கூலி உண்டு. விற்காமல் தங்கும் சரக்கு உண்டு. நாமே நேரில் விற்க முனைந்தால் அந்தச் செலவுகளில் பல நம் தலையில் வந்து விழும். அதைத் தாங்கும் வழியை முன்கூட்டியே வகுத்துக்கொண்டவரே சிறுதொழிலில் நிற்க முடியும்.

எங்கள் தெருவின் சிறு முயற்சி

எங்கள் தெருவில் நான்கு வீட்டுத் தறிகள் சேர்ந்து கூட்டாக விற்கத் தொடங்கின. சங்கம் என்று சொல்லத்தக்க அளவு பெரிதன்று, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு கைப்பேசி, நான்கு தறி. சில விதிகளை மட்டும் வகுத்துக்கொண்டோம். கைத்தொழில் செய்யும் வேறு எவர்க்கும் அவை பயன்படலாம் என்பதால் காரணத்தோடு கூறுகிறேன்.

முதலாவது, பாதிப் பணம் முன்பணம். பெயரும் நாளும் நெய்த திருமணப் பாயை வேறொருவருக்கு விற்க இயலாது; ஆகையால் முன்பணம் இல்லாமல் தறியில் பாவு ஏற்றுவதில்லை. அந்த முன்பணமே கோரையும் நூலும் வாங்க முதலாகிறது. கந்துவட்டிக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, ‘விற்றபின் பணம்’ என்னும் முறைக்குச் சரக்கு தருவதில்லை. ஒரு கடைக்கு அவ்வாறு பன்னிரண்டு பாய் கொடுத்தார்கள் எங்கள் தெருவினர். எட்டு மாதம் கழித்து ஏழு பாய் திரும்பி வந்தது. கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு அவற்றின் சிவப்பு வெளிறிப் போயிருந்தது. சாயத்தை ஒளி சிதைக்கும் என்பது வேதியியல். அந்த நட்டத்தை யார் ஏற்பது என்பது வாணிபம். கடைக்காரர் ஏற்கவில்லை.

மூன்றாவது, முதலில் கூலி, பிறகு இலாபம். பணம் வந்தவுடன் வேலை செய்த நாளுக்குரிய கூலி அந்த வாரமே தரப்படும். மிச்சமே கூட்டு இருப்பு. இவ்விதியின் அவசியம் வெளியூராருக்குச் சட்டெனப் புரியாது. எங்கள் வட்டாரத்தில் பீடி சுற்றும் தொழில் பரவலாக உண்டு. பாய்த்தறியை விட்டுப் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்ட பெண்கள் பலர். கலையில் பற்று இல்லாமல் அவர்கள் போகவில்லை. பீடிக்கு வாரக் கடைசியில் கூலி கைக்கு வரும். பாய்க்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புகையிலைத் தூளில் நெஞ்சு கமறும் என்று தெரிந்தும், நிச்சயமான கூலியை நோக்கியே அவர்கள் சென்றார்கள். ஒரு கலை அழிவது கூலி வரும் நாள் நிச்சயம் இல்லாமையாலும்தான். அதற்குக் கூலியின் அளவை உயர்த்துவது எவ்வளவு தேவையோ, நாளைத் திட்டப்படுத்துவதும் அவ்வளவு தேவை.

நான்காவது, சிறு பொருள்களும் நெய்வது. மூவாயிரம் ரூபாய்ப் பாய் நாள்தோறும் விற்காது. மேசைவிரிப்பு, கைப்பை, கோப்புறை போன்றவை ஒரு நாளில் முடியும். விலையும் பலர் கைக்கு எட்டும். பெரிய பாய்க்கு வெட்டிய கோரையில் எஞ்சும் குட்டை இழைகள் இவற்றில் செலவாகும். கைக்குப் பணம் வரும் நாள்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்புவது இந்தச் சிறு பொருள்களே.

ஐந்தாவது, ஒவ்வொரு பாயோடும் ஒரு சீட்டு. அதில் நெய்தவர் பெயர், எண்ணிக்கை, நெய்ய ஆன நாள், பாதுகாக்கும் முறை ஆகியவை இருக்கும். ‘நேர் வெயிலில் போடவேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக, மடிக்காமல் சுருட்டி வைக்க, மழைக்காலத்தில் காற்றாட விரிக்க, இல்லையேல் பூஞ்சை பிடிக்கும்’ என்று எழுதி வைக்கிறோம். ஏழு நாள் என்று சீட்டில் படித்தவர்கள் பெரும்பாலும் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. குறைத்துக் கேட்பவர்களிடம், ஏழில் எந்த நாளை எடுத்துவிடலாம் என்று உம்மா சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

பெயரைக் காப்பது

பொருளைப்போலவே பெயருக்கும் விலை உண்டு. வேறிடத்தில் விசைத்தறியில் நெய்த பாய்க்கும் எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டி விற்றால், வாங்குபவரும் ஏமாறுகிறார், நெய்பவரும் ஏமாறுகிறார். இதைத் தடுக்கவே புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. பத்தமடைப் பாய் 2012–13இல் அக்குறியீட்டைப் பெற்றது. குறியீடு ஊருக்குப் பொதுவானது. எனினும் அதை முறைப்படி பயன்படுத்த ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர்’ எனத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். குறியீட்டின் பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கது. ஊருக்குக் கிடைத்த குறியீடு தனக்கும் கிடைத்துவிட்டது என்று எண்ணியிருப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

அரசின் உதவிகளும் இல்லாமல் இல்லை. 1973இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தைப் ‘பூம்புகார்’ என்ற பெயரில் நாம் அறிவோம். சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 சூலையில் வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. கைவினைஞருக்குக் கடனும் மானியமும் தருவதற்கென்று தமிழக அரசு ‘கலைஞர் கைவினைத் திட்ட’த்தை 2025இல் தொடங்கியது. உதவிகள் உண்டு, அவற்றைக் கேட்டுப் பெறத்தான் ஆள் வேண்டும். படிவத்தை நிரப்ப வேண்டும். வங்கியில் பேச வேண்டும். மறுத்தால் காரணம் கேட்க வேண்டும். பாவு கட்டத் தெரிந்த கை படிவம் நிரப்பத் தயங்குகிறது. அந்த இடத்தில்தான் படித்த பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது.

முடிவுரை

‘தறிக்கு நீ வராதே, படி’ என்று எங்கள் தெருவில் எல்லாத் தாய்மாரும் பெண்மக்களிடம் சொல்லுகின்றனர். அதில் அன்பு இருக்கிறது; நெடுநாள் வலியும் இருக்கிறது. தன் மகள் செய்யக்கூடாது என்று ஒரு தாய் நினைக்கும் தொழில், எத்தனை பரிசு பெற்றாலும் அவளோடு முடிந்துபோகும். மகள் விரும்பினால் செய்யலாம், செய்தால் மதிப்போடு பிழைக்கலாம் என்ற நிலை வந்தால்தான் அது வாழும். அந்த நிலையைப் பாராட்டுரைகள் கொண்டுவரா. சரியான கணக்கும் தவறாத கூலியும்தான் கொண்டுவரும்.

நண்பர்களே! நம்மில் பலர் தறியும் சக்கரமும் உலைக்களமும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். பட்டம் பெற்றபின் நாம் எந்த வேலைக்குப் போனாலும் போகலாம். போகுமுன், வீட்டில் செய்யும் பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பொருட்செலவையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, நாட்கூலி என்ன என்று வகுத்துப் பாருங்கள். அதற்கு உயர்கணிதம் வேண்டாம். வரும் விடையைப் பெற்றோர் அறிவர். ஆனால் அவர்களிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. நாம் கேட்போம்.